மேற்படி இருபத்தேழு

சிறை வாசலில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதுகிற எழுத்தருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது என்னவென்று உள்ளே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘மேற்படி’தான். மேல் வரியில் எழுதியதையே கீழ் வரியிலும் எழுத வேண்டி வந்தால் கையை வருத்திக்கொள்ள மாட்டார். ‘மேற்படி’ என்று போட்டுவிட்டு டீ டம்ளரை எடுப்பார். பேச்சும் அப்படித்தான். “சாப்டீங்களா?” என்றால் “ஆச்சு” என்பார். “வீட்ல எல்லாரும்?” என்றால் “மேற்படி.” இந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தை மூன்று நாள் ஆட்டி வைத்தது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்தக் குடும்பத்தின் தலைவி அதே சிறைக்குள் நன்னடத்தை அலுவலர். கைதிகளுக்குக் காவல் இருப்பது அவள் வேலை இல்லை. தண்டனை முடியும் முன்பே ஒருவரை வெளியே விடலாமா, விட்டால் எந்த வீட்டுக்குப் போவார், அங்கே அவரை மனசோடு கூப்பிடுகிறார்களா, இல்லை வேறு வழியில்லாமல் தலையாட்டுகிறார்களா, படுக்க இடம் உண்டா, பிழைக்க வேலை உண்டா என்று கேட்டு, பார்த்து, எழுதி, விடுதலைக் குழுவுக்கு அனுப்புவதுதான் வேலை. இதற்கு உள்ளே இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. நூற்று முப்பது கோப்புகளுக்கு இருந்தது அவள் ஒருத்தி. எதிர் நாற்காலியில் பதினாலு மாதமாகக் கோப்புகள்தான் உட்கார்ந்திருந்தன.

அந்த நாற்காலிக்காரர் வேறு யாருமில்லை, அவள் புருஷனேதான். ஒரே அறையில் எதிரெதிர் மேஜையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர்கள். ஒரு நாள் அவர் ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தார். இப்போது தெருமுனை ரொட்டிக் கடையில் விடியலில் மாவு பிசைகிறார். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, தலையில் ஒட்டிய மாவைத் தட்டி, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, சாயங்காலச் சமையலை முடித்து வைப்பார். மாவு நம்மைப் பார்த்துக் கண் கலங்காது, ஆறு மாதம் பொறு என்று அதனிடம் சொல்ல வேண்டியதில்லை என்பார். மனுஷன் சந்தோஷமாகத்தான் இருந்தார். மனைவி ஏழரைக்குக் கோப்புக் கட்டோடு வாசலில் நிற்கும்போது மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“பதினாலு மாசமாச்சு. ஒரு ஆளப் போடத் துப்பில்லையா தலைமை அலுவலகத்துக்கு?”

“நாலு கடுதாசி போட்டாச்சுங்க.”

“பதில்?”

“பரிசீலனைல இருக்காம்.”

“பரிசீலிக்கிற புண்ணியவான என்கிட்ட அனுப்பு. மாவோட சேத்துப் பிசையறேன்.”

மகளுக்கு வயது பதிமூன்று. வாய்க்கு முப்பது. “அந்த ரொட்டிய யாருப்பா வாங்குவா?” என்பாள். மூன்று பேரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். சாப்பாடு முடிந்ததும் தட்டுகள் போய்க் கோப்புகள் வந்து மேஜையில் உட்காரும். வீட்டில் நடந்தது அவ்வளவுதான், தினமும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே நசநசவென்று தூறல். அவளுடைய அறை முன்பு போர்வைகள் அடுக்கி வைத்திருந்த இடம். மழை வந்தால் பழைய கம்பளி நெடி இன்றைக்கும் கிளம்பும். தபால்காரர் உறையை வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால், போன வாரம் அவள் அனுப்பிய தச்சரின் அறிக்கை திரும்பி வந்திருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு.

‘இரண்டாம் அலுவலர் பணியில் இருக்கும்போது அவருடைய கையொப்பம் இல்லாதது ஏன்? கையொப்பம் பெற்று வெள்ளிக்கிழமை காலைக்குள் அனுப்புக. தவறினால் அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளப்படும்.’

அடுத்த அமர்வு என்றால் ஆறு மாதம்.

தச்சர் ஆறு வருடத்துக்கு முன்னால் வேலை நடந்த இடத்தில் வாய்த்தகராறு முற்றி ஒருவனைப் பிடித்துத் தள்ளியவர். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. சிறைப் பட்டறையில் பெஞ்சும் நாற்காலியும் செய்கிறார். வெளியே அவருக்கு ஒரு அக்கா. அந்த அக்கா வீட்டுக்குப் போய் இவள் விசாரித்தபோது, பின் அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, கட்டில்மேல் ஒரு ஜோடி புதுச் சட்டையை மடித்து வைத்திருந்தார். “வெள்ளிக்கெழம குழு உக்காரும்ல? சனிக்கெழம வந்துருவான்ல?” என்று நாலு தரம் கேட்டார். நாலு தரமும் இவள் “பாக்கலாம்க்கா” என்றாள். உள்ளுக்குள் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், எங்ககிட்ட ரெண்டாவது ஆளே இல்லையே. இல்லன்னுதான நாலு கடுதாசி போட்டேன்?”

“இருக்காரும்மா. ரெண்டு பணியிடம், ரெண்டும் நிரம்பியிருக்கு. உங்க வாசல் அறிக்கைதான் மாசாமாசம் சொல்லுது. டோக்கன் இருபத்தேழு, உள்ளே. இவ்ளோ நாள் யாரும் கவனிக்கல, இப்பத்தான் தணிக்கைல பிடிச்சாங்க.”

“அவர் ராஜினாமா பண்ணிப் பதினாலு மாசமாச்சு!”

“அது சம்பளப் பிரிவும்மா. நாங்க எண்ணிக்கைப் பிரிவு. எங்களுக்கு வாசல் சொல்றதுதான் கணக்கு. வாசல் காலின்னு எழுதினா அன்னைக்கே காலி. அப்புறம் உங்க சூப்பிரண்டு கையெழுத்து ஒண்ணே போதும், அறிக்கைய எடுத்துக்குவோம்.”

நேரே வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் நாற்பது கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகிற அலுவலர் தன் எண்ணுள்ள டோக்கனை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு போக வேண்டும். வெளியே போகும்போது மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கொக்கி காலி என்றால் ஆள் உள்ளே. அவளுடையது இருபத்தாறு. பக்கத்தில் இருபத்தேழு காலியாக இருப்பதை அவள் தினமும் பார்த்தவள்தான். ஆள் போனதும் டோக்கனை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள் போல என்று நினைத்திருந்தாள்.

“அண்ணே, இருபத்தேழு யாரு?”

மேற்படி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். “நம்ம சார்தான். உங்க வீட்டுக்காரர்.”

“எங்க இருக்காரு?”

“உள்ள.”

“அண்ணே, இப்ப அவரு எங்க வீட்ல குறட்டை விட்டுத் தூங்கிட்டிருப்பாரு!”

“அது எனக்கும் தெரியும்மா. நேத்துகூட அவர் கடையிலதான் ரொட்டி வாங்கினேன். அருமையான ரொட்டி. ஆனா பதிவேட்டுப்படி அவர் உள்ள போனாரு, வெளிய வரல.” பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியில், இருபத்தேழு, உள்ளே, காலை எட்டு நாற்பது. வெளியேறிய நேரம் காலி. மறுநாள், மேற்படி. அதற்கு மறுநாள், மேற்படி. பக்கம் பக்கமாக மேற்படி, அழகான கையெழுத்தில்.

“ஒரு நாளாவது கேக்கத் தோணலையா அண்ணே?”

“முதல் நாள் தோணுச்சு. மறந்துட்டாரு, நாளைக்குக் கொண்டாந்து மாட்டுவாருன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளும் மேற்படி.” அவர் முகத்தில் ஈயாடவில்லை. “தப்புதாம்மா. அடிச்சுத் திருத்தக் கூடாதுன்னு விதி. இப்ப என்ன பண்றது?”

“டோக்கனத் தேடிக் கொண்டாந்து நான் மாட்டிடறேன்.”

“ஐயையோ, வெளியில இருந்து டோக்கன் வந்தா அது வேற கேஸாயிடும். ஆள் உள்ள இருந்து வரணும், நான் கண்ணால பாக்கணும், அவர் கையெழுத்துப் போடணும்.”

“சரி, நாளைக்கு அவர வரச் சொல்றேன். உள்ள விட்டு வெளிய விடுங்க.”

“அதெப்படிம்மா? உள்ள இருக்கறவர எப்படி உள்ள விடறது?”

பட்டறையிலிருந்து இழைப்புளி ஓடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. தச்சர் வெள்ளிக்கிழமையை நம்பிக்கொண்டு அங்கே பெஞ்சு செய்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பதறிப்போய் எழுந்தார்.

“என்னாச்சு? உடம்பு சரியில்லையா?”

“நீங்க எங்க இருக்கீங்க தெரியுமா?”

“எங்க?”

“ஜெயில்ல. பதினாலு மாசமா. உங்க டோக்கன் எங்கங்க?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நடந்ததை எல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். வீட்டையே புரட்டிப் போட்டார்கள். பழைய சட்டைப் பைகள், கருவிப் பெட்டி, பொத்தான் டப்பா, அலமாரி மேல்தட்டு. அவள்தான் புரட்டினாள், அவர் சும்மா கூடவே நடந்தார். அதை முதலில் கவனித்தது மகள்தான். அவள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பித்தளையில வட்டமா இருக்குமே, நடுவுல நம்பர் போட்டு, அதுவாம்மா?”

“ஆமாண்டி! பாத்தியா?”

“சாப்பாட்டு மேஜை காலுக்கு அடியில இருக்கு. ஆடாம இருக்க அப்பாதான் வச்சாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். மேஜையின் நான்காவது காலுக்கு அடியில், அழுக்கேறிப்போய், இருபத்தேழு. பதினாலு மாதமாக அந்த மேஜையில் கோப்புகளைப் பரப்பிவைத்து, ஆள் இல்லையே ஆள் இல்லையே என்று அவள் எழுதிய நாலு கடிதங்களும் இந்த டோக்கன்மேல்தான் ஆடாமல் நின்றிருக்கின்றன.

“மறந்து எடுத்துட்டு வந்துட்டீங்களா?”

மகள் இருக்கிறாளே என்று பார்த்தார். பிறகு, இருந்தால் இருக்கட்டும் என்பதுபோல உட்கார்ந்தார்.

“மறக்கல. அன்னைக்குப் பலகை முன்னாடி அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். மாட்ட முடியல. மாட்டினா அவ்ளோதான், முடிஞ்சுதுன்னு ஆயிடும். மேற்படி டீ குடிக்கப் போயிருந்தாரு. பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.”

“அப்புறமாவது குடுத்திருக்கலாமே?”

“எந்த முகத்தோட வரது? அந்த ஒல்லிப் பையன ஞாபகம் இருக்கா? என் அறிக்கை ஒரு நாள் தாமதமாப் போய் ஆறு மாசம் தள்ளிப்போச்சே அவனுக்கு. போய்ச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவே இல்ல. ‘பரவால்ல சார்’னான். திட்டியிருந்தா இன்னும் அங்கயே வேலை பாத்திருப்பேன். அந்த பரவால்லதான் தாங்கல எனக்கு.” கையைத் துடைத்துக்கொண்டார். “டோக்கன் கண்ல பட்டாலே மனசு என்னவோ பண்ணுச்சு. அதான் கண்ல படாத எடமாப் பாத்து வச்சேன்.”

அவளுக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. இவருக்காகவா தினமும் ஏழரை மணிவரை மாரடித்தோம் என்று இருந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். எட்டு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகம். அந்த ஒல்லிப் பையன் நாளில் அவர் மத்தியானம் சாப்பிடாமல் பொட்டலத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வந்ததும் நினைவு வந்தது. கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

“இப்ப தச்சருக்கும் அதே ஆறு மாசம்ங்க. அதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

“நானும்தான். சொல்லு, என்ன பண்ணணும்? எதையாவது திருடிட்டு உள்ள வரவா?”

“வெள்ளிக்கெழமைக்குள்ள விசாரணை முடியாதுப்பா,” என்றாள் மகள். “பேசாம பார்வையாளரா போங்களேன்.”

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஊழியரா உள்ள விட மாட்டாங்க, சரி. யாரையாவது பாக்க வந்தவங்கள விடுவாங்கல்ல? போறப்ப பார்வையாளர். வரப்ப ஊழியர்.”

“டோக்கன் வெளிய இருந்து வரக் கூடாதாமேடி.”

“அது அவர் பாக்கெட்ல போகும்மா. பதிவேட்டுப்படி அது உள்ளதான இருக்கு?”

அவர் எழுந்து போய் மகளின் தலையைப் பிடித்து ஒரு முத்தம் வைத்தார். உருளைக்கிழங்குத் தோல் ஒன்று அவள் முடியில் ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை அவள் சூப்பிரண்டிடம் போய் எல்லாவற்றையும், மேஜைக் கால் உட்பட, ஒளிக்காமல் சொன்னாள். டோக்கன் பாக்கெட்டில் வரும் என்பதையும் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரிக்கக்கூடிய ஆள் இல்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, “தச்சர் பார்வையாளர் படிவம் எழுதிக் கொடுத்தா எனக்கு ஆட்சேபம் இல்ல. டோக்கனுக்கு நான் குறிப்பு எழுதித் தரேன்,” என்றார்.

தச்சர் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் பென்சிலைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அக்காவைத் தவிர வேறு யார் பெயரையும் அதில் அவர் எழுதியதில்லை. கடைசியில் ‘வேண்டியவர்’ என்று எழுதினார்.

வியாழக்கிழமையும் மழை விடவில்லை. புருஷன் குடை பிடித்துக்கொண்டு, கையில் ஒரு ரொட்டியோடு வந்தார். ரொட்டியை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள். மற்ற பார்வையாளர்களோடு வரிசையில் நின்று, சோதனைக்குக் கையைத் தூக்கி, நெஞ்சில் பார்வையாளர் சீட்டை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எட்டு வருடம் அவர் நடந்த வழிதான். பார்வையாளர் பெஞ்சிலிருந்து பார்க்கையில் கூரை ரொம்பத் தாழ்வாகத் தெரிந்தது.

தச்சர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் ஒரு மூலையில் நின்றாள்.

“சொல்லாமப் போயிட்டீங்க சார்.”

“தப்புதான். மன்னிச்சிடுங்க.”

“ஒரு வாரம் கோவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஒருதரம் கோவப்பட்டதுக்கே ஆறு வருஷமா உள்ள இருக்கோம், மறுபடியும் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

புருஷன் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார். “திட்டணும்னா திட்டுங்க. நான் அதுக்கும்தான் வந்தேன்.”

“திட்டறேன். உங்க கையெழுத்த எவனாலயும் படிக்க முடியாது சார். மேடம் எழுதறதுதான் முத்து முத்தா இருக்கு. போதுமா?”

“போதும்.”

“ஆமா, அந்த டோக்கன எங்க சார் வச்சிருந்தீங்க? உள்ள ஆளுக்கொரு கதை சொல்றானுங்க.”

மேஜைக் கதையைச் சொன்னார். சொல்லாமல் போனதையே மன்னித்துவிட்ட தச்சர், இதைக் கேட்டதும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“காலுக்கு அடியில பித்தளைய வச்சீங்களா? என்ன சார் நீங்க! மேஜை ஆடுச்சுன்னா கால்ல கோளாறுன்னு யார் சொன்னா? நாலு காலும் சரியாத்தான் இருக்கும். தரை மேடுபள்ளமா இருக்கும். அட்டையும் வேணாம், அறுக்கவும் வேணாம். மேஜைய நின்ன எடத்துலயே மெதுவாத் திருப்பணும். கால்வாசிச் சுத்து திருப்பறதுக்குள்ள ஒரு எடத்துல நாலு காலும் தானா பதிஞ்சுக்கும். அங்க விட்டுடணும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். தூக்கிடாதீங்க. திருப்பணும்.” கையால் காற்றில் ஒரு மேஜையைத் திருப்பிக் காட்டினார்.

மணி அடித்தது. எழுந்தார்கள். “நாளைக்கு நல்லபடியா முடியும்,” என்றார் புருஷன். “முடியும் சார்,” என்றார் தச்சர். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய நிலைமை அவருக்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் மூலையில் நின்றவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் மேற்படி பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, புதுப் பேனாவோடு காத்திருந்தார். புருஷன் பையிலிருந்து டோக்கனை எடுத்தார். மகள் புளி போட்டுத் தேய்த்திருந்ததால் மினுமினுத்தது. பலகை முன்னால் ஒரு கணம் நின்றார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். இருபத்தாறுக்குப் பக்கத்தில் இருபத்தேழை மாட்டினார். பித்தளை ‘டிங்’ என்றது.

“கையெழுத்து, சார். நேரம் நாலு பத்து.”

போட்டார். இரும்புக் கதவு திறந்தது. தெருவில் கால் வைத்தார்.

“நில்லுங்க சார்!” என்று கத்தினார் மேற்படி. “பார்வையாளர் எங்க?”

“எந்தப் பார்வையாளர்?”

“ரெண்டரைக்கு ஒரு பார்வையாளர் உள்ள போனாரே. இன்னும் வரல. இப்ப வெளிய போனது ஊழியர்.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்படி மட்டும் இந்தத் தடவை அசரவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த முகம் அது.

“பதறாதீங்கம்மா. கதவு இன்னும் சாத்தல. சார், உங்க குடைய உள்ளயே வச்சுட்டீங்க பாருங்க. பார்வையாளர் சீட்டு இன்னும் நெஞ்சுலதான் இருக்கு. உள்ள வந்து குடைய எடுத்துக்கிட்டு, சீட்டக் குடுத்துட்டுப் பார்வையாளரா போங்க. நேரம் நாலு பன்னண்டு.”

அப்படியாக அவர் இரண்டு நிமிடத்தில் ஒரே கதவு வழியே இரண்டு பேராக வெளியே போனார். பின்னால் நின்ற வார்டர் ஒருவர் கைதட்டினார். மேற்படி பதிவேட்டில் இருபத்தேழுக்கு எதிரே முழு வாக்கியமாக, ஒரு எழுத்துக்கூடச் சுருக்காமல், ‘ஊழியர் வெளியேறினார், பணியிடம் காலி’ என்று எழுதினார். அவர் அவ்வளவு நீளமாக எழுதி யாரும் பார்த்ததில்லை.

நாலே காலுக்குச் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு முன்னால் அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை குழு உட்கார்ந்தது. பதினோரு மணிக்கு அவள் பட்டறைக்குப் போய்ச் சொன்னாள். தச்சர் இழைப்புளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். பிறகு, “இந்தப் பெஞ்ச முடிச்சுட்டுப் போறேன் மேடம், ஒரு கால்தான் பாக்கி,” என்றார். சனிக்கிழமை காலை அக்கா வாசலில் நின்றார். மடித்து வைத்திருந்த புதுச் சட்டையில் ஒன்றை அங்கேயே கொண்டு வந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் புது அலுவலர் வந்தார். நடக்கும்போது செருப்பு கீச்கீச்சென்கிற, நிறையப் பேசுகிற ஒரு அம்மாள். மேற்படி அவரிடம் இருபத்தேழை எடுத்துக் கொடுத்து, “தெனமும் மாட்டிடுங்கம்மா, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்,” என்றார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர் நாற்காலியிலிருந்த கோப்புகளில் பாதியை அன்றே பிரித்து எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. கையில் கோப்புக் கட்டு இல்லை. புருஷனும் மகளும் மேஜையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டோக்கன் போனதிலிருந்து மூன்று வாரமாக மேஜை ஆடியதில் இரண்டு தரம் சூப்பு கொட்டிவிட்டது. தச்சர் சொன்னதைச் செய்து பார்க்க இன்றைக்குத்தான் அவருக்குப் பொழுது கிடைத்ததாம்.

“தூக்காதடி, திருப்பு. இன்னும் கொஞ்சம். இன்னும்.”

“அப்பா, நின்னுடுச்சு.”

அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. தண்ணீர் டம்ளரை விளிம்புவரை நிரப்பி நடுவில் வைத்தார். தண்ணீர் ஆடவில்லை. “பாத்தியா, தச்சர்னா தச்சர்தான்,” என்றார். மேஜை திரும்பியதில் எல்லோருடைய இடமும் மாறிப்போயிருந்தது. இத்தனை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள் இப்போது ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். தட்டில் சூடாக முட்டையும் ரொட்டியும் வந்தன. மேஜைமேல் வேறு ஒன்றும் இல்லை.

புருஷன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இன்னைக்கு வெளிச்சத்தோட வந்துட்ட. நாளைக்கு?”

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“மேற்படி,” என்றாள்.